மருந்தைச் சுமக்கும் இறால் ஓடு

ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலின் மருந்தில் ஒரு சிக்கல் உண்டு. இரத்தத்தில் அதன் அளவு சற்றுக் குறைந்தால் மூச்சுத்திணறல் தீராது. சற்றுக் கூடினால் குமட்டலும் படபடப்பும் வரும். மாத்திரை வயிற்றில் ஒரேயடியாகக் கரையாமல், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால்தான் அளவு நிலையாக நிற்கும். அதற்கு உதவுபவை, மருந்தைச் சுமக்கும் நுண்கோளங்கள் என்னும் மிகச்சிறு உருண்டைகள்.

திருவனந்தபுரத்தின் பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அங்கே ஏ. ஜெயகிருஷ்ணன் குழுவினர் கைட்டோசானில் நுண்கோளங்கள் செய்து, 1992இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டினைக் காரத்தில் பதப்படுத்தினால் கிடைப்பது கைட்டோசான். நம் கடலோரத்தில் கழிவென்று கொட்டப்படும் பொருளுக்கு இப்படியொரு மதிப்பு!

செய்முறை எளிமையானது. அமிலம் கலந்த நீரில் கைட்டோசானைக் கரைத்து, பாரஃபின் எண்ணெயில் ஊற்றிக் கலக்குவார்கள். எண்ணெயோடு சேராத கரைசல் சிறு துளிகளாகப் பிரியும். குளூட்டரால்டிஹைடு சேர்த்ததும் துளிகள் இறுகி உருண்டைகளாகும். கலக்கும் வேகத்தை மாற்றியே 45 முதல் 300 மைக்ரான் வரை வெவ்வேறு அளவில் அவற்றைப் பெற்றார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்.

உருண்டை எவ்வளவு இறுகியிருக்கிறது, எவ்வளவு பெரியது, உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்பவையே மருந்து வெளிவரும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. உடலில் கரையும் பாலிமரில் செய்த நுண்கோளங்களை ஊசியாகவும் போடலாம். புராஸ்டேட் புற்றுநோய்க்கான லியூப்ரோலைடு, மாதம் ஒருமுறை போடும் ஊசியாக 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது இப்படித்தான்.

மருந்தை உரிய இடத்தில் நிறுத்தவும் உருண்டையின் அளவு கைகொடுக்கிறது. ஈரலின் பெரும்பகுதி இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. ஈரலில் வளரும் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் ஈரல் தமனியை நம்பியிருக்கிறது. அந்தத் தமனிக்குள் நுண்கோளங்களைச் செலுத்தினால் அவை கட்டியின் நுண்குழாய்களை அடைத்து, அங்கேயே மருந்தை வெளிவிடும். மற்ற உறுப்புகளுக்குப் போய்ச் சேரும் நஞ்சு குறையும்.

இதில் நம் வீடுகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மெதுவாக மருந்து விடும் மாத்திரையையோ கேப்சூலில் உள்ள மணிகளையோ, விழுங்கச் சிரமமென்று மருத்துவரைக் கேட்காமல் பொடித்துக் கொடுக்காதீர்கள். பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் சேர்ந்துவிடும்.