ரசீது கேட்ட மனிதர்

வழக்கறிஞரின் மேசைமீது சில்லறையை எண்ணி வைக்கிறார் ஒரு கருப்பின விவசாயி. கட்டணம் இரண்டு டாலர். அவர்மேல் விழுந்த கொலைப்பழி நீங்கிவிட்டது. அவரை உயிரோடு கொளுத்தத் தெருவில் காத்திருந்த வெள்ளையர் கும்பலும் கலைந்துவிட்டது. பணம் கைமாறிய பிறகும் அவர் நகரவில்லை. இன்னும் எதற்கு நிற்கிறாய் என்று வழக்கறிஞர் கேட்டதும், ரசீதுக்காக என்கிறார். நன்றியால் குரல் தழுதழுக்கவில்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை. எம்.ஜி.எம். நிறுவனம் தயாரித்து, கிளாரன்ஸ் பிரவுன் இயக்கி 1949-இல் வெளிவந்த ‘இன்ட்ரூடர் இன் த டஸ்ட்’ படத்தில் வரும் காட்சி இது. லூகாஸ் என்ற அந்த விவசாயியாக நடித்தவர் ஹுவானோ ஹெர்னாண்டஸ். அன்றைய ஹாலிவுட்டில் கருப்பின நடிகருக்குக் கிடைத்த வேலை சமையற்காரி, ரயில் போர்ட்டர், வேலைக்காரன், கோமாளி என்ற வட்டத்துக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது. 1940-இல் ஆஸ்கர் வாங்கிய ஹாட்டி மெக்டேனியலுக்கே அது ஒரு பணிப்பெண் வேடத்துக்காகக் கிடைத்தது. விருது விழாவில் அவரைத் தனி மேசையில்தான் உட்கார வைத்தார்கள். அந்த வேடங்கள் அத்தனைக்கும் அடியில் ஒரே நிபந்தனை இருந்தது: பார்க்கிற வெள்ளையர் மனம் சங்கடப்படக் கூடாது. ஹெர்னாண்டஸ் அந்த நிபந்தனைக்கு உடன்படவில்லை. அவருடைய நடிப்பின் சாதனை என்று நான் கருதுவது இதைத்தான்.

அவர் போர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவான் நகரில் பிறந்தவர், கப்பல் மாலுமியின் மகன். சர்க்கஸில் வித்தை காட்டினார், ‘கிட் கர்லி’ என்ற பெயரில் குத்துச்சண்டை போட்டார், நியூயார்க் மேடையில் ‘ஷோ போட்’ இசைநாடகத்தின் கோரஸில் பாடினார். வானொலி நாடகத்துக்கு ஆங்கில உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டுமென்று ஷேக்ஸ்பியரைத் தானே படித்துப் பழகினார். கருப்பினப் பார்வையாளர்களுக்காகத் தனியே படமெடுத்த ஆஸ்கர் மிஷோவிடமும் நடித்திருக்கிறார். இத்தனைக்கும் பிறகு, ஐம்பது வயதையொட்டித்தான் லூகாஸ் வேடம் கிடைத்தது. அதற்காக கோல்டன் குளோப் அமைப்பு அவரை ‘ஆண்டின் புதிய நட்சத்திரம்’ விருதுக்குப் பரிந்துரைத்ததை என்னவென்று சொல்ல! சர்க்கஸிலும் குத்துச்சண்டை மேடையிலும் பழகிய உடம்புக்கு எப்போது அசையாமல் நிற்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் லூகாஸைப் பார்க்கும் யாருக்கும் அந்த அசையாமை கண்ணில் படாமல் போகாது.

புகழ் கதாசிரியருக்கல்லவா போக வேண்டும் என்று கேட்கலாம். படத்தின் மூலம் வில்லியம் ஃபாக்னர் 1948-இல் எழுதிய நாவல். ரசீது அவர் கற்பனையில் பிறந்ததுதான். ஆனால் படத்தில் லூகாஸ் பெரும்பகுதி சிறைக்கம்பிக்குப் பின்னால்தான் இருக்கிறார். பின்னணி இசையும் ஏறக்குறைய இல்லை. வசனமும் இசையும் தாங்கிப் பிடிக்காத இடங்களை ஒரு முகமும் ஒரு பார்வையும்தான் நிரப்ப வேண்டும், அவற்றை நாவலாசிரியர் எழுதித் தர முடியாது. இன்னொரு வாதமும் உண்டு: ஹெர்னாண்டஸ் தீவுக்காரர், அமெரிக்கத் தென்மாநிலத்து அடிமை வரலாற்றின் சுமை அவர் தலையில் இல்லை, அதனால் நிமிர்ந்து நிற்பது எளிதாயிற்று என்பது. படப்பிடிப்பு நடந்த இடமே இதற்குப் பதில் சொல்லும். ஃபாக்னரின் சொந்த ஊரான மிசிசிப்பி மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டில்தான் படம் எடுக்கப்பட்டது. அங்கே வெள்ளை நடிகர்களோடு ஒரே விடுதியில் தங்க ஹெர்னாண்டஸுக்கு வழியில்லை. கருப்பினக் குடும்பமொன்றின் வீட்டில் தங்கினார். நிறப்பாகுபாடு யாரையும் பிறந்த தீவு எது என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

மூன்றாவது ஆட்சேபத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. கண்ணியமாகத் துன்பப்படும் கருப்பினத்தவர் என்பதும் ஒரு வார்ப்புதானே? கோமாளி போய் மகான் வந்தால் ஆயிற்றா? 1950-இல் வந்த அவருடைய மூன்று படங்களை வைத்தே இப்படிக் கேட்கலாம். ‘யங் மேன் வித் எ ஹார்ன்’ படத்தில் கர்க் டக்ளஸுக்கு டிரம்பெட் கற்றுக்கொடுத்துவிட்டுச் செத்துப்போகிறார். ‘ஸ்டார்ஸ் இன் மை கிரவுன்’ படத்தில் அவரைத் தூக்கிலிட வரும் கும்பலிடமிருந்து ஒரு வெள்ளைப் போதகர் காப்பாற்றுகிறார். அதில் அவர் பெயர் ‘அங்கிள்’ ஃபேமஸ். வயதான கருப்பினத்தவரை ‘மிஸ்டர்’ என்று அழைக்க மனமில்லாத தென்மாநில வெள்ளையர், ‘அங்கிள்’ என்பதை மாற்றாக வைத்துக்கொண்டிருந்தார்கள். லூகாஸ் கதையிலேயே, அவர் தன் மனசாட்சியின் காவலர் என்று கடைசியில் தீர்ப்புச் சொல்வது வெள்ளை வழக்கறிஞர்தான். கருப்பின எழுத்தாளர் ரால்ஃப் எல்லிசன் அப்போதே இதைக் கவனித்துவிட்டார்: இனப் பிரச்சினையைப் பேசவந்த 1949-ஆம் ஆண்டுப் படங்கள் உண்மையில் வெள்ளையரின் மனக்குழப்பத்தைத்தான் பேசுகின்றன என்றார். அவரே, அந்தப் படங்களில் நியூயார்க்கின் கருப்பினப் பகுதியான ஹார்லெமின் அரங்கில் திரையிட்டால் தேவையில்லாத சிரிப்பைக் கிளப்பாத ஒரே படம் ‘இன்ட்ரூடர்’தான் என்றும் எழுதினார். இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். கதை யாருக்காக எழுதப்பட்டது என்பதை நடிகரால் மாற்ற முடியவில்லை. அந்தக் கதைக்குள் நின்ற மனிதர் யார் என்பதை மாற்ற முடிந்தது. அங்கிள் ஃபேமஸ் வேடத்தில் அதுகூட அரைகுறைதான், அந்தப் பாத்திரத்தில் அவர் பிடித்து நிற்க இடமே இல்லை.

1950 என்ற ஒரே ஆண்டில் மூன்று படம் செய்தவரை மறுபடி ஹாலிவுட்டில் பார்க்க 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது ‘ட்ரையல்’ படத்தில் நீதிபதியாக வந்தார். கருப்பின நீதிபதி என்பது அன்று திரையில் காணக் கிடைக்காத உருவம். ‘தி பான்புரோக்கர்’ (1964) படத்தில் அடகுக்கடையில் பொருளை வைக்கும் சாக்கில் பேச்சுத்துணை தேடி வரும் கிழவர். பெயர் மிஸ்டர் ஸ்மித். அந்த ‘மிஸ்டர்’ வர எத்தனை ஆண்டு பிடித்தது பாருங்கள். 1970 ஜூலையில் சான் ஹுவானில் இறந்தார்.

1950-இன் மூன்றாவது படத்தை மிச்சம் வைத்திருக்கிறேன். மைக்கேல் கர்டிஸ் இயக்கிய ‘தி பிரேக்கிங் பாயின்ட்’. ஜான் கார்ஃபீல்டின் படகில் கூட்டாளியாக வரும் வெஸ்லியாக ஹெர்னாண்டஸ். இங்கேயும் அவர் இடையிலேயே கொள்ளையர் கையில் சாகிறார். உடலைக் கடலில் எறிந்துவிடுகிறார்கள். கடைசியில் காயம்பட்ட நாயகனோடு படகு கரைக்கு வருகிறது. அவனைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது, பிறகு கலைகிறது. துறையில் வெஸ்லியின் சிறுவயது மகன் மட்டும் நிற்கிறான். நடித்தது ஹெர்னாண்டஸின் சொந்த மகன். அப்பா எங்கே என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். அவனிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேமரா உயரத்திலிருந்து அந்த வெறுந்துறையையும் பையனையும் பார்த்துக்கொண்டிருக்க, படம் முடிந்துவிடுகிறது.