வண்டிக்கேற்ற பொறி

பாரம் இழுக்கும் காளை வேறு. பந்தயத்தில் ஓடும் காளை வேறு. கொங்கு நாட்டில் ரேக்ளாப் பந்தயத்திற்கு வண்டி பூட்டும் உழவர், மூட்டை சுமந்து பழகிய பெருங்காளையைத் தேடிச் செல்வதில்லை. வண்டியோ சிறிது, அதில் செல்பவர் ஒருவரே, ஓட வேண்டிய தொலைவும் குறுகியது. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, கட்டான உடலும் விரைந்த ஓட்டமும் உடைய காளைகளையே அவர் தேர்ந்தெடுப்பர். தம் கையாலேயே பந்தய மோட்டார் வண்டி ஒன்றை அமைக்க விரும்பும் இளைஞரும் இம்முறையையே பின்பற்றுதல் வேண்டும். அவர்கள் செய்ய வேண்டிய தேர்வுகளுள் தலையாயது, எஞ்சின் எனப்படும் பொறியின் தேர்வேயாகும்.

பொறியின் இயல்பை முதற்கண் அறிதல் நலம். உருளையினுள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து புகுகின்றன. அக்கலவையைப் பிஸ்டன் அமுக்குகின்றது. மின்பொறி பட்டவுடன் கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றது. அத்தள்ளலே சுழற்சியாக மாறிச் சக்கரங்களை அடைகின்றது. எரிந்த புகை வெளியேறியதும் புதிய கலவை உள்ளே வருகின்றது. பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும் இடத்தின் கொள்ளளவையே 'சி.சி.' என்னும் கன சென்டிமீட்டரால் குறிக்கின்றனர். உருளைகள் பலவாயின் அவற்றின் அளவுகளைக் கூட்டிச் சொல்வர். எரிவதற்குக் காற்று இன்றியமையாதது. ஆதலின், ஒரு பொறி எவ்வளவு காற்றை உட்கொள்ள வல்லதோ, அதுவே அதன் ஆற்றலுக்கு எல்லையாகும்.

பெரிய பொறியே விரைவு தரும் என்று பலரும் கருதுவர். அது முழு உண்மையன்று. பெரிய பொறியின் எடை மிகுதி. அதைத் தாங்கும் சட்டமும் தடித்திருத்தல் வேண்டும். சட்டம் தடித்தால் பிரேக்கும் சக்கரமும் வலுத்திருத்தல் வேண்டும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக எடை ஏறிக்கொண்டே போகும். 20 குதிரைத்திறன் உள்ள ஒரு வண்டி, ஓட்டுநருடன் 250 கிலோகிராம் எடையுள்ளது என்று கொள்வோம். 30 குதிரைத்திறன் உள்ள மற்றொன்று 420 கிலோகிராம் இருக்கட்டும். முன்னதில் ஒரு குதிரைத்திறன் பன்னிரண்டரைக் கிலோகிராமை இழுக்கின்றது. பின்னதிலோ பதினான்கு கிலோகிராமை இழுக்க வேண்டியுள்ளது. ஆகவே, புறப்பாட்டில் சிறிய பொறி பூண்ட வண்டியே முந்தும். வளைவுகளில் திரும்புவதற்கும் எடை குறைந்த வண்டியே எளிது.

இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியவர்களுள் இங்கிலாந்து நாட்டுச் சார்லஸ் கூப்பரும் அவர்தம் மைந்தர் ஜான் கூப்பரும் குறிப்பிடத்தக்கவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம் அது. பொருள்கள் கிடைத்தற்கரியனவாய் இருந்தன. 1946-ஆம் ஆண்டில் அவ்விருவரும் ஃபியட் சிறுகார்கள் இரண்டின் முன்பாகங்களை ஒன்றோடொன்று இணைத்துச் சட்டம் அமைத்தனர். மோட்டார் சைக்கிளுக்குரிய 500 சி.சி. ஜே.ஏ.பி. பொறியை அதிற் பொருத்தினர். அப்பொறி சங்கிலியால் பின்சக்கரங்களைச் சுழற்ற வேண்டியிருந்தமையின், அதனை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தனர். வசதி கருதிச் செய்த அவ்வமைப்பே வண்டியின் எடையை நன்கு பகிர்ந்து நிற்கச் செய்தது. பொறியைப் பின்னால் கொண்ட கூப்பர் வண்டியில் ஏறியே ஜாக் பிராபம் 1959-இலும் 1960-இலும் உலகப் பட்டம் வென்றார். பின்னர் ஏனையோரும் அவ்வழியையே பின்பற்றலாயினர்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான செயலொன்று நிகழ்ந்தது. சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்தில், போர்க்காலத்து வானூர்தித் தளத்தில் பல்லாண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. அயல்நாட்டுப் பந்தய வண்டிகளை வருவிப்பது பெருஞ்செல்வர்க்கே இயலுவதாயிருந்தது. திறமை இருந்தும் பொருள் இல்லாத இளைஞர், வேலிக்கு அப்பால் நின்று காணும் நிலையிலேயே இருந்தனர். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் என்பார் பந்தய ஓட்டுநர். வண்டிகள் அமைப்பதிலும் வல்லவர். அவர் 1988-ஆம் ஆண்டில் 'ஃபார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கை வண்டியை உருவாக்கினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது, நாடெங்கும் குடும்பங்களைச் சுமந்து சென்ற மாருதி 800 காரின் பொறியே. மூன்று உருளைகளும் 796 சி.சி. அளவும் உடைய அப்பொறியின் ஆற்றல் நாற்பது குதிரைத்திறனையும் எட்டாது. எனினும் அதன் உறுப்புகள் எளிதில் கிடைத்தன. அதனைப் பழுது பார்க்க அறிந்தோர் ஊர்தோறும் இருந்தனர். எல்லோர் வண்டியிலும் ஒரே வகைப் பொறி இருந்தமையின், வெற்றியைத் தீர்மானித்தது பணமன்று, ஓட்டுநரின் திறமையே.

கரிவரதன் 1995-ஆம் ஆண்டில் வானூர்தி விபத்தொன்றில் உயிர் நீத்தார். ஆயினும் அவர் திறந்த வழி மூடவில்லை. ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005-ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தய ஓடுதளம் கரிவரதன் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அவ்வோடுதளத்தில் நடந்துவரும் 'ஃபார்முலா பாரத்' போட்டியில், கல்லூரி மாணாக்கர் தாமே வரைந்து தாமே அமைத்த வண்டிகளைக் கொண்டுவருகின்றனர். அங்கே பெட்ரோல் பொறி 710 சி.சி.க்கு மிகுதல் கூடாது. மேலும், அது உட்கொள்ளும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுடைய ஒரே குறுகிய வழியாகச் செல்லுதல் வேண்டும். குறுகிய மிடறு உடையவனுக்குப் பெரிய வயிறு இருந்து என்ன பயன்? அதனால் நான்கு உருளை கொண்ட பெரிய பொறியை விடுத்து, மோட்டார் சைக்கிளுக்குரிய 373 சி.சி. ஒற்றை உருளைப் பொறியைப் பல குழுவினர் விரும்பி ஏற்றுள்ளனர். ஆற்றலில் சிறிது இழந்து, எடையில் பெரிது பெறுதலே அவர்தம் கணக்கு.

ஓடும் இடத்தையும் கருதுதல் வேண்டும். சேலத்துச் சமவெளியில் நன்கு ஓடிய வண்டி, இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏர்க்காட்டை அடைந்ததும் சற்றுச் சோர்வதைக் காணலாம். சேர்வராயன் மலையில் அமைந்த ஏர்க்காடு, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் மிக மிகக் காற்றின் செறிவு குறைகின்றது. பொறியின் ஆற்றலும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குறைகின்றது. செம்மநத்தம் போன்ற மலையூரில் வண்டி அமைக்கும் இளைஞர், விற்பவர் சொல்லும் குதிரைத்திறனை அப்படியே நம்பிவிடாமல் இக்குறைவையும் கழித்தே கணக்கிட வேண்டும்.

ஏற்றத்திற்குப் பற்சக்கரங்கள் துணை செய்யும். பொறியின் பக்கம் 15 பற்களும் அச்சின் பக்கம் 45 பற்களும் அமைந்தால், பொறி மும்முறை சுழல அச்சு ஒருமுறை சுழலும்; வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைய, முறுக்குவிசை மும்மடங்காகப் பெருகும். வெப்பமும் எண்ணத்தக்கது. மோட்டார் சைக்கிளில் காற்றை எதிர்கொண்டு குளிர்ந்த பொறியை, இருக்கைக்குப் பின்னால் மறைத்து வைத்தால் அது கொதித்து நின்றுவிடும். காற்று புகும் வழியையோ, நீரால் குளிரும் பொறியையோ நாடுதல் தக்கது.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. ஓடும் ஆற்றலுக்கு முன் நிற்கும் ஆற்றல் வேண்டும். பிரேக்கும் உறுதியான சட்டமும் இருக்கைப் பட்டையும் தலைக்கவசமும் அமைந்த பின்னரே பொறியைப் பற்றி எண்ணுதல் முறை. பொதுச்சாலை பந்தயத்திற்குரிய இடமன்று. அங்கே நடந்து செல்லும் முதியோரும் பள்ளிச் சிறாரும் எவருடைய பந்தயத்திலும் சேர்ந்தவரல்லர். அதற்கெனக் காப்புடன் அமைந்த ஓடுதளத்தில், தேர்ந்தோர் மேற்பார்வையில் ஓட்டுவதே வீரம்.

வண்டியின் எடை, ஓடும் இடம், கையிலுள்ள பொருள், பழுது பார்க்கும் வசதி, காப்பு என்னும் ஐந்தையும் சீர்தூக்கிப் பொறியைத் தேர்பவன், சிறிய பொறியைக் கொண்டும் பெரிய செயலைச் செய்வான். இவற்றை மறந்தவனுக்குப் பெரிய பொறியும் பெருஞ்சுமையே ஆகும்.