குதிரைத்திறனிலும் சாக்கு எடை உண்டு!

மூட்டையின் மொத்த எடை வேறு, சாக்கு கழித்த நிகர எடை வேறு என்று வணிகப் பெருமக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கார் என்ஜினின் குதிரைத்திறனிலும் இதே வழக்கு உண்டு.

அமெரிக்கக் கார் கம்பெனிகள் நெடுங்காலம் மொத்தக் கணக்கையே விளம்பரம் செய்துவந்தன. ஏர் பில்டர், சைலன்சர் எதுவும் பூட்டாமல், என்ஜினைத் தனியே ஓட்டி எடுத்த எண் அது. 1972இல் நிகரக் கணக்குக்கு மாறினார்கள். கிரைஸ்லரின் 426 ஹெமி என்ஜினுக்கு மொத்தம் 425, நிகரம் 350. என்ஜின் என்னவோ அதே என்ஜின்தான்!

டைனமோமீட்டர் என்னும் அளவு இயந்திரத்தில், காரின் சக்கரத்தை உருளைமேல் ஏற்றி ஓட்டுவார்கள். கியரிலும் ஆக்சிலிலும் டயரிலும் ஒரு பங்கு தேய்ந்து போனதுபோக மீதிதான் அங்கே தெரியும். சில இயந்திரங்கள் கனத்த உருளை எத்தனை விரைவாகச் சுழல்கிறது என்று பார்க்கும்; சில, பிரேக் போட்டு இழுத்துப் பிடித்து அளக்கும். எண்கள் ஒத்துப்போவதில்லை. டயரில் காற்று குறைந்தாலும் எண் மாறும். வெயில் நாளில் என்ஜினுக்குத் திறன் குறையும். அதற்குப் போடும் திருத்தக் கணக்கும் ஒரே மாதிரி அல்ல. குதிரையே இரண்டு விதம்: மெட்ரிக் குதிரை 735.5 வாட், ஆங்கிலக் குதிரை 745.7.

இதைச் சொல்லியே வாங்கியவர் வாயை அடைத்துவிடவும் முடியாது. 1999இல் போர்டு தனது மஸ்டாங் கோப்ரா காருக்கு 320 குதிரைத்திறன் என்றது. வாங்கியவர்கள் உருளையில் ஏற்றிப் பார்த்து, குறைகிறது என்றார்கள். கம்பெனி விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளையும் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது.

நம் சரக்கு வண்டிக்குத் திறன் கூட்டித் தருவதாக ஒர்க்‌ஷாப்காரர் சீட்டு நீட்டினால், வேலைக்கு முன்னும் பின்னும் அதே இயந்திரத்தில், அதே கியரில் எடுத்த இரண்டு சீட்டுகளையும் கேட்டு வாங்குங்கள்.