நோயாக வந்த அருள்!

திலகவதியாருக்கு ஒரே கவலை. பிரிந்து போன தம்பி திரும்பி வரவேண்டும்! திருவதிகை ஈசனிடம் வேண்டினார்.

வேண்டுதல் பலித்தது. எப்படி? தம்பிக்குக் கொடிய சூலை நோய்! மருந்தும் கேட்கவில்லை, மந்திரமும் பலிக்கவில்லை. துடிதுடித்து அக்காளிடம் ஓடி வந்தார். திருநீறு பெற்றார். கோவிலில் உருகிப் பாடினார். நோய் தீர்ந்தது. அவர்தான் 7-ம் நூற்றாண்டின் திருநாவுக்கரசர்!

பிறகு திருவீழிமிழலையில் பஞ்சம். அவருக்கும் சம்பந்தருக்கும் தினமும் பொற்காசு கிடைத்தது என்கிறது பெரிய புராணம். இருவரும் முடிந்து வைக்கவில்லை. அடியார்களுக்குச் சோறு போட்டார்கள்.

நோய் அவரை அக்காளிடம் சேர்த்தது. காசு பலர் பசியைத் தீர்த்தது. இரண்டும் அருளே!

உங்கள் வீட்டுக்கு வந்த கஷ்டம் யாரைச் சேர்த்து வைத்தது? வந்த காசு யார் பசியைத் தீர்த்தது? எண்ணிப் பாருங்கள்!