பூட்டை ஊருக்குக் கொடு, சாவியைக் கொடுக்காதே!

வெளியூருக்குப் போகிறவர் வீட்டைப் பூட்டுகிறார். சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். பூட்டு வாசலில் தொங்குகிறது. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தொட்டும் பார்க்கலாம். அதனால் நஷ்டம் இல்லை. சாவி கை மாறினால்தான் ஆபத்து!

கம்ப்யூட்டர் உலகமும் இன்று இப்படித்தான் நடக்கிறது. ஆனால் அங்கே சாவி இரும்பால் ஆனது அல்ல. அது வெறும் எண். அந்த எண்ணைக் கோட்டை விட்டவர்கள் படும் பாடு கொஞ்சம் அல்ல.

கூடமே ஆபீஸ்!

சென்னை தரமணியில் 2000-ம் ஆண்டு டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதன் பிறகு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகின. அங்கே வேலை செய்கிறவர்கள் இயக்கும் பெரிய எந்திரங்கள் எல்லாம் அந்தக் கட்டடங்களிலேயே இருப்பதில்லை. பல எந்திரங்கள் வேறு ஊரில் இருக்கும். கடல் கடந்து அமெரிக்காவிலும் இருக்கும்.

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந்தேதி ஊரடங்கு வந்தது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் வீட்டுக் கூடமே ஆபீஸ் ஆயிற்று. கூடத்தில் உட்கார்ந்தபடியே எங்கோ இருக்கும் எந்திரத்துக்குள் நுழைந்து வேலை பார்த்தார்கள்.

எந்திரத்துக்குக் கண் இல்லை. வாசலில் நிற்பவர் சொந்தக்காரரா, திருடனா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஒட்டுக்கேட்ட திருடன்

பழைய வழி, ரகசியச் சொல். அதைத்தான் பாஸ்வேர்டு என்கிறோம். சரியான சொல்லைச் சொன்னால் கதவு திறக்கும்.

அந்தக் காலத்தில் இந்தச் சொல் தபால் கார்டில் எழுதிய செய்தி போல மூடாமல் போகும். வழியில் இருப்பவன் படித்துவிடலாம்.

1995-ம் ஆண்டு பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், ஒரு திருட்டு பிடிபட்டது. கம்பி வழியே போகும் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுக் குறித்து வைக்கும் புரோகிராம் ஒன்றை யாரோ அங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்!

அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தாத்து யூலோனென் என்பவர் சும்மா இருக்கவில்லை. செய்தி முழுவதையும் மூடி அனுப்பும் புதிய முறை ஒன்றை எழுதினார். அதன் பெயர் "செக்யூர் ஷெல்". சுருக்கமாக எஸ்.எஸ்.எச். என்பார்கள். அதை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் சுமார் 20 ஆயிரம் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் வந்ததும் அதே ஆண்டுதான், ஆகஸ்டு 15-ந்தேதி.

இரட்டைப் பிறவிகள்

இந்த முறையில் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போகலாம். அது எப்படி?

முதலில், உங்கள் கம்ப்யூட்டர் இரண்டு எண்களைச் சேர்த்து உண்டாக்கும். இரண்டும் இரட்டைப் பிறவிகள். ஒன்றின் பெயர் பகிரங்கச் சாவி. மற்றொன்றின் பெயர் அந்தரங்கச் சாவி.

பகிரங்கச் சாவி, பெயரில்தான் சாவி. வேலையில் அது பூட்டு. அதைத் தூரத்து எந்திரத்தில் மாட்டி வைக்கலாம். ஊர் முழுவதும் கொடுத்தாலும் பாதகம் இல்லை. அந்தரங்கச் சாவி மட்டும் உங்களிடமே இருக்க வேண்டும்.

பாங்கியில் உங்கள் மாதிரிக் கையெழுத்து இருக்கிறது. செக்கில் உள்ள கையெழுத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள். இதுவும் அப்படியே. நீங்கள் நுழையும்போது அந்தரங்கச் சாவியால் ஒரு கணக்குக் கையெழுத்து விழுகிறது. தூரத்து எந்திரம் அதைப் பகிரங்கச் சாவியோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் கதவு திறக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். பேனாக் கையெழுத்தைப் பார்த்து இன்னொருவன் அதே மாதிரி போடலாம். இந்தக் கையெழுத்தோ ஒவ்வொரு தடவையும் மாறும். நேற்றையது இன்று செல்லாது. அந்தரங்கச் சாவி உங்கள் கையை விட்டு வெளியே போவதும் இல்லை. ஒட்டுக்கேட்பவனுக்கு ஏமாற்றமே மிச்சம்!

பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம்

இதன் பலம் கணக்கில் இருக்கிறது. இரண்டு சாவி என்ற யோசனையை அமெரிக்காவில் டிபி, ஹெல்மன் என்ற இருவர் 1976-ல் வெளியிட்டார்கள். மறு ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அதற்கு ஒரு வழி கண்டார்கள்.

101-ஐ 103-ஆல் பெருக்குங்கள். 10,403 வரும். பள்ளிக்கூடப் பையன் செய்துவிடுவான். ஆனால் 10,403-ஐ மட்டும் கொடுத்து, "எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும்?" என்று கேளுங்கள். பெரியவர்களும் தலையைச் சொறிவார்கள்!

இந்த முறையில் இன்று சாதாரணமாகப் பயன்படும் எண்ணுக்கு 617 இலக்கங்கள். 2020-ம் ஆண்டு விஞ்ஞானிகள் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். அந்த வேலையை ஒரே கம்ப்யூட்டர் மூளையிடம் விட்டிருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும்! 250 இலக்கத்துக்கே இப்படி என்றால், 617 இலக்கத்துக்கு?

கணக்கு தோற்கவில்லை

அப்படியானால் திருட்டே நடக்காதா? நடக்கும். கணக்கை உடைத்து அல்ல. மனிதனின் கவனக்குறைவைப் பிடித்து!

டெபியன் என்பது இலவசமாகக் கிடைக்கும் ஒரு லினக்ஸ். 2006-ம் ஆண்டு அதில் செய்த ஒரு சிறு திருத்தம் விபரீதம் ஆயிற்று. கோடானுகோடி விதமாகப் பிறக்க வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகையிலும் சுமார் 32 ஆயிரம் விதமாக மட்டுமே பிறந்தன. 32 ஆயிரம் சாவியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 2008-ம் ஆண்டு மே மாதம்தான் குட்டு வெளிப்பட்டது. உலகம் முழுவதும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் இடம் கிட்ஹப். 2023-ம் ஆண்டு மார்ச் மாதம், அந்த நிறுவனத்தின் சொந்த அந்தரங்கச் சாவி ஒன்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் சிறிது நேரம் கிடந்தது. யாரும் தவறாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆனாலும் நிறுவனம் 24-ந்தேதி சாவியையே மாற்றிவிட்டது. வெளியே வந்த சாவி, செத்த சாவிதான்!

ஆடிட்டர் மேஜையில் என்ன இருக்கிறது?

"இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் பாடு, நமக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம்.

கடை வைத்திருப்பவர்களும் காண்டிராக்டர்களும் "டிஜிட்டல் கையெழுத்து" வாங்குகிறார்கள். கட்டைவிரல் அளவில் ஒரு சிறு கருவி. அதற்குள் இருப்பதும் அந்தரங்கச் சாவிதான். வருமான வரி இணையதளத்தில் அதைக் கொண்டு நுழையலாம். தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்துக்கும் அது வேண்டும்.

பலர் என்ன செய்கிறார்கள்? கருவியையும் அதன் ரகசிய எண்ணையும் சேர்த்து ஆடிட்டரிடமோ கணக்கப்பிள்ளையிடமோ கொடுத்துவிடுகிறார்கள். "அவர் நல்லவர், பல வருஷப் பழக்கம்" என்கிறார்கள். அவர் நல்லவர்தான். அவருடைய மேஜை இழுப்பறை நல்லதா? அதை எத்தனை பேர் திறக்கிறார்கள்?

கருவி எவர் கையில் இருந்தாலும் விழுவது உரியவரின் கையெழுத்து. அவர் பார்க்காத காகிதத்திலும் அது விழும்!

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. 2000-ம் ஆண்டு அக்டோபர் 17-ந்தேதி அமலுக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-வது பிரிவு, அந்தரங்கச் சாவியைக் காப்பது உரியவரின் கடமை என்கிறது. சாவி பறிபோனால் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் வரை பொறுப்பு அவர் தலையில்தான்.

காப்பது எப்படி?

உங்கள் மகனோ மகளோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்:

சாவியை ஈ-மெயிலிலோ வாட்ஸ்-அப்பிலோ அனுப்பக்கூடாது. எந்தக் கம்ப்யூட்டரில் வேலையோ, அங்கேயே சாவியை உண்டாக்கி, பகிரங்கச் சாவியை மட்டும் அனுப்ப வேண்டும்.

சாவிக்கு மேல் ஒரு ரகசிய வாசகம் போட்டு வைக்க வேண்டும். லேப்டாப் திருடு போனாலும் திருடன் கையில் கிடைப்பது பூட்டிய சாவிப்பெட்டியாகவே இருக்கும்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி நல்லது. ஒன்று தொலைந்தால் அதன் பூட்டை மட்டும் கழற்றினால் போதும்.

தொலைந்த அந்தரங்கச் சாவியைப் பகிரங்கச் சாவியிலிருந்து திரும்பச் செய்ய முடியாது. ஆகவே இன்னொரு சாவிக்கும் முன்கூட்டியே பூட்டு மாட்டி, அந்தச் சாவியைப் பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும்.

செல்போனிலும் இப்போது இது வந்துவிட்டது. "பாஸ்கீ" என்று கேட்டு, விரல் ரேகை வைக்கச் சொல்கிறதே, அது இந்த இரட்டைச் சாவி முறைதான். போனைத் திறக்கும் ரகசிய எண்ணைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பழுது பார்ப்பவருக்கும் சொல்லி வைத்தால் என்ன ஆகும்? இந்தச் சாவிகளையும் சேர்த்துக் கொடுத்தது போலத்தான்!

போனவரின் சாவி

கடைசியாக, முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. வேலையை விட்டுப் போகிறவரிடம் இரும்புச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம். எண்ணால் ஆன சாவியைத் திருப்பி வாங்குவதில் பயன் இல்லை. ஒரு நொடியில் நகல் எடுக்கலாம்; எடுத்த அடையாளமும் தெரியாது.

அதனால் எந்த எந்திரத்தில் யாருடைய பூட்டு மாட்டியிருக்கிறது என்று பட்டியல் வைத்திருங்கள். ஒருவர் விலகிய அன்றைக்கே அவருடைய பூட்டைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் அவரிடம் எத்தனை நகல் இருந்தால் என்ன? திறப்பதற்குக் கதவு இருக்காது!