10 மூட்டையை எடை போட்டு 200 மூட்டையைப் பற்றிப் பேசலாமா?

ஆலங்குளம்னு சொன்னதும் தென்காசி பக்கம் போயிடாதீங்க. இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், டான்செம் நிறுவனத்தோட அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர். சிமெண்ட் ஊரா இருக்கிறதால சிமெண்ட்டை வெச்சே ஒரு புள்ளியியல் கேள்வியைப் பார்ப்போம்.

ஒரு லோடுல 200 மூட்டை இறங்குது. ஒவ்வொண்ணுலயும் 50 கிலோன்னு அச்சடிச்சிருக்கு. உண்மையிலேயே சராசரியா 50 கிலோ இருக்கா? கொத்தனார் கலவையை மூட்டைக் கணக்குலதான் போடுவார். மூட்டை குறைஞ்சா பணமும் போகும், கலவையில சிமெண்ட்டும் குறையும்.

200 மூட்டையையும் தூக்கி எடை போட ஆளும் நேரமும் கிடைக்காது. பக்கத்துல சிவகாசியில நிலைமை இன்னும் கஷ்டம். வெடி வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர் தூரத்துல சத்தம் 125 டெசிபெல்லைத் தாண்டக் கூடாதுன்னு விதி இருக்கு. எல்லா வெடியையும் வெடிச்சுப் பார்த்துட்டா விக்கிறதுக்கு எதுவும் மிஞ்சாது. அதனால ரெண்டு இடத்துலயும் வழி ஒண்ணுதான்: கொஞ்சம் எடுத்துப் பார்த்து, மொத்தத்தைப் பற்றிப் பேசணும். அந்த மொத்தம் (பாப்புலேஷன்) இங்கே 200 மூட்டை. எடுத்துப் பார்க்கிறது மாதிரி (சாம்பிள்).

10 மூட்டையை எடை போட்டதா வெச்சுக்குவோம். இந்த எண்கள் எந்தக் கம்பெனியோட மூட்டையும் கிடையாது, கணக்குக்காக நான் போட்டது. காலிப் பையோட எடையைக் கழிச்ச பிறகு, கிலோவில்:

49.6, 50.1, 49.8, 49.4, 50.2, 49.9, 49.5, 50.0, 49.7, 49.8

இதை ஸ்ப்ரெட்ஷீட்ல ஏ2-ல இருந்து ஏ11 வரைக்கும் அடிங்க. அப்புறம் மூணே வரிதான்:

=ஆவரேஜ்(ஏ2:ஏ11)
விடை 49.80. இது மாதிரியோட சராசரி.

=எஸ்டிடெவ்.எஸ்(ஏ2:ஏ11)
விடை 0.258. இது திட்ட விலக்கம், அதாவது ஸ்டாண்டர்டு டீவியேஷன். மூட்டைக்கு மூட்டை எடை எவ்வளவு மாறுதுன்னு சொல்லுது.

=கான்ஃபிடன்ஸ்.டி(0.05, 0.258, 10)
விடை 0.185. சராசரிக்கு மேலேயும் கீழேயும் விட வேண்டிய இடம்.

49.80-ல இருந்து 0.185-ஐ ஒரு தடவை கழிங்க, ஒரு தடவை கூட்டுங்க. ஏறக்குறைய 49.62 முதல் 49.98 கிலோ வரை. இதுதான் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்.

மூணாவது வரிக்குள்ள நடக்கிறது இதுதான். திட்ட விலக்கத்தை மாதிரி எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுக்கும்: 0.258 / 3.16 = 0.082. இதுக்குப் பேர் திட்டப்பிழை. அதை டி அட்டவணையில 9 டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடம் வரிசையில இருக்கிற 2.262-ஆல பெருக்கும். அவ்வளவுதான்.

அந்த முதல் 0.05-ஐ கவனிங்க. 95 சதவீதம் வேணும்னா 1-ல இருந்து 0.95-ஐக் கழிச்சுப் போடணும். நேரா 0.95-ன்னு போட்டா விடை 0.005 கிலோன்னு வரும். வெறும் 5 கிராம்! பார்க்க ரொம்பத் துல்லியமா இருக்கும், ஆனா அது 5 சதவீத இடைவெளி.

இன்னொரு பொறி, பழைய கான்ஃபிடன்ஸ் ஃபங்ஷனும் கான்ஃபிடன்ஸ்.நார்மும். இது ரெண்டும் டி அட்டவணையைப் பார்க்காது, எப்பவும் 1.96-ஐத்தான் எடுக்கும். மொத்தத்தோட திட்ட விலக்கம் முன்னாடியே தெரிஞ்சா அது சரி. நமக்குத் தெரிஞ்சது மாதிரியோடது மட்டும். 10 மூட்டையில 0.185-க்குப் பதிலா 0.160 வரும், பெரிய வித்தியாசமா தெரியாது. ஆனா சிவில் லேப்ல மூணு க்யூப் உடைச்சு 24.5, 26.0, 27.5 மெகாபாஸ்கல் வந்துச்சுன்னா? நார்ம் போட்டா கூட்டல் கழித்தல் 1.7. டி போட்டா 3.7. ரெண்டு மடங்குக்கும் மேல! ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல முதல் எண்ணைப் போட்டா, இல்லாத துல்லியத்தை இருக்கிற மாதிரி காட்டுறோம்.

சின்ன மாதிரிக்கான இந்தத் திருத்தம் ஒரு மதுபான ஆலையில இருந்து வந்தது. டப்ளின்ல கின்னஸ் ஆலையில வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட், 1908-ல 'ஸ்டூடன்ட்'ங்கிற புனைபெயர்ல இதை வெளியிட்டார். ஸ்டூடன்ட்ஸ் டி-ங்கிற பேர் அதனாலதான், நம்மளால இல்ல.

சரி, அந்த 95 சதவீதத்துக்கு என்ன அர்த்தம்? திருவிழாக் கடையில வளையம் எறியற விளையாட்டை நினைச்சுக்கோங்க. சோப்பு ஒரே இடத்துல இருக்கும், வளையம்தான் இங்கயும் அங்கயும் விழும். 200 மூட்டையோட உண்மைச் சராசரி அந்த சோப்பு மாதிரி, நகராது. ஒவ்வொரு தடவை 10 மூட்டை எடுக்கும்போதும் நம்ம இடைவெளி வேற வேற இடத்துல விழும். இதே முறையில 100 பேர் தனித்தனியா எடுத்தா, சுமார் 95 பேரோட வளையம் சோப்பைப் பிடிச்சிருக்கும். நம்ம கையில இருக்கிறது அந்த 95-ல ஒண்ணா, மீதி 5-ல ஒண்ணான்னு தெரியாது.

இன்னொண்ணு, இது சராசரிக்கான இடைவெளி. 95 சதவீத மூட்டைகள் இதுக்குள்ள இருக்கும்னு அர்த்தமே இல்ல. நம்ம பத்துலயே ஆறு மூட்டை வெளியதான் இருக்கு.

இந்த வித்தியாசம் சிமெண்ட் தரநிலையிலயே இருக்கு. ஐ.எஸ். 269 தனி மூட்டைக்கு ஒரு விதியும் சராசரிக்கு ஒரு விதியும் வெச்சிருக்கு. 2 சதவீதத்துக்கு மேல குறையிற மூட்டைகள் மாதிரியில 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எந்த மூட்டையும் 4 சதவீதத்துக்கு மேல குறையக் கூடாது. அதோட மாதிரியோட சராசரி 50 கிலோவோ அதுக்கு மேலயோ இருக்கணும். நம்ம பத்துல மிகக் குறைஞ்சது 49.4 கிலோ, அதாவது 1.2 சதவீதம்தான் குறைவு. தனித்தனியா பார்த்தா எல்லா மூட்டையும் பாஸ். சராசரியில மட்டும் உதைக்குது. ஒரு வீட்டுக்கு 400 மூட்டைன்னு வெச்சா, மூட்டைக்கு 200 கிராம் வீதம் 80 கிலோ, ஒன்றரை மூட்டைக்கும் மேல. இடைவெளிப்படி பார்த்தா அது 6 கிலோவாவும் இருக்கலாம், 154 கிலோவாவும் இருக்கலாம்.

அப்போ கடைக்காரர்கிட்ட போய் "எடை குறையுது"ன்னு சண்டை போடலாமா? 95 சதவீத இடைவெளியில 50 இல்ல, மேல் எல்லை அதுக்குச் சரியா கீழே நிக்குது. ஆனா 0.05-க்குப் பதிலா 0.01 போட்டுப் பாருங்க: 49.53 முதல் 50.07 வரை. 50 உள்ள வந்துடுச்சு! அதே மூட்டை, அதே எடை. நமக்குப் பிடிச்ச விடை வர்ற வரைக்கும் சதவீதத்தை மாத்தினா அது கணக்கு இல்ல. எடை போடறதுக்கு முன்னாடியே சதவீதத்தை முடிவு பண்ணிடணும்.

சந்தேகம் தீரணும்னா மாதிரியைப் பெருசாக்குங்க. 151 முதல் 280 மூட்டை வரை உள்ள தொகுதிக்கு ஐ.எஸ். 269 கேக்கிறது 32 மூட்டை. திட்ட விலக்கம் இதே அளவு இருந்தா, கூட்டல் கழித்தல் 0.185-ல இருந்து 0.093-க்கு இறங்கும். வர்க்கமூலத்தால வகுக்கிறதால, இடைவெளியைப் பாதியாக்க மூணு நாலு மடங்கு மூட்டை தூக்கணும்.

அந்த 32-ஐயும் லாரியில கைக்கு எட்டினபடி எடுக்காதீங்க. மூட்டைக்கு 1 முதல் 200 வரை நம்பர் போட்டு, =ரேண்ட்பிட்வீன்(1,200) சொல்ற நம்பரை எடுங்க. வந்த நம்பரே திரும்ப வந்தா விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. தராசையும் முதல்ல சரிபாருங்க. தராசு 200 கிராம் குறைச்சுக் காட்டினா, எத்தனை மூட்டை போட்டாலும் இடைவெளி சின்னதாகுமே தவிர, தப்பான இடத்துலயேதான் நிக்கும். ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு அது தெரியாது.

இதெல்லாம் முடிச்சுட்டு, ரிப்போர்ட்லயோ கடைக்காரர்கிட்டயோ சொல்ல வேண்டிய வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "200 மூட்டையில குலுக்கல் முறையில இத்தனை எடுத்தோம், சராசரி இவ்வளவு, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி இதுல இருந்து இது வரை." வெறும் "சராசரி 49.8"-ன்னு நிறுத்தினா, எதிர்ல இருக்கிறவர் கேக்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை மூட்டை போட்டீங்க?