டிராக்டர் டயருக்குள்ள தண்ணி எதுக்கு? வேக்போர்டு படகும் மம்சாபுரம் வயலும் சொல்லும் எடைக் கணக்கு

இன்ஸ்டா ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். ஏரியில் ஒரு படகு சீறிக்கொண்டு போகும். அதன் பின்னால் எழும் அலையில், பலகையில் நின்றபடி ஒருத்தர் துள்ளி விளையாடுவார். அதுதான் வேக்போர்டிங். அந்த அலை பெரிதாக எழுவதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை, எடையும் ஒரு காரணம். படகுக்குள் பெரிய பெரிய பைகளை வைத்து, பம்ப் போட்டு ஏரித் தண்ணீரையே அதில் நிரப்புகிறார்கள். கம்பெனியே பொருத்தித் தரும் தொட்டி போதாது என்று, தனியாகப் பை வாங்கி மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

"நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க?" என்று கேட்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் மம்சாபுரத்தில் வேக்போர்டு படகு கிடையாது. ஆனால், வாங்கிய வண்டிக்குள் தண்ணீரை ஏற்றி எடை கூட்டும் அதே டெக்னிக் உழவு டிராக்டருக்கும் உண்டு. பின் டயருக்குள் தண்ணீர் நிரப்புவதுதான் அது. சரியாகச் செய்தால் டீசலும் நேரமும் மிச்சம். தப்பாகச் செய்தால் பர்ஸுக்கும் நஷ்டம், சில நேரம் உயிருக்கும் ஆபத்து.

ஏன் எடை வேண்டும்?

டிராக்டர் கலப்பையை இழுப்பது இன்ஜின் பலத்தால் மட்டும் அல்ல. பின் சக்கரம் மண்ணை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ, அவ்வளவுதான் இழுக்க முடியும். அந்தப் பிடியைத் தருவது எடை. இன்ஜின் 45 குதிரைத்திறனாக இருந்தாலும், பின்பக்கம் எடை இல்லை என்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுத்தும்.

கொஞ்சம் வழுக்குவது இயல்புதான். வயலில் 10 முதல் 15 சதவீதம் வரை வழுக்கல் இருந்தால் நல்ல நிலை என்பது பண்ணை இயந்திரவியலில் பொதுவான கணக்கு. அதைத் தாண்டினால் டயர் தேயும், டீசல் வீணாகும்.

இதில் பணம் எங்கே போகிறது? ஒரு வயலை 15 சதவீத வழுக்கலில் 5 மணி நேரத்தில் உழுது முடிக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். வழுக்கல் 30 சதவீதமானால், அதே வேலைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு டிராக்டர் கூப்பிடும் சிறு விவசாயி, அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். உழவே நடக்காத நேரத்துக்கு வாடகை!

எவ்வளவு தண்ணீர்?

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. படகோ டயரோ, கணக்கு ஒன்றுதான். நம்ம ஊர் டிராக்டர்களில் அதிகம் பார்க்கும் பின் டயர் அளவுகளில் ஒன்று 13.6-28. இதில் முக்கால் பங்கு நிரப்பினால் சுமார் 150 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயருக்கும் சேர்த்து ஏறத்தாழ 300 கிலோ. இரும்பு வீல் வெயிட் வாங்கினால் செலவு. தண்ணீருக்கு அந்தச் செலவு இல்லை.

எப்படி நிரப்புகிறார்கள்?

முதலில் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, வால்வு உச்சியில் வரும்படி சக்கரத்தைத் திருப்புவார்கள். கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடம். வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை இறக்கிவிட்டு, அதற்கான அடாப்டரை மாட்டி ஹோஸில் தண்ணீர் விடுவார்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வழி விட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஏறாது. வால்வு மட்டத்துக்குத் தண்ணீர் வந்ததும் வெளியே வழியும். அதுதான் முக்கால் பங்கு. அதோடு நிறுத்திவிட்டு, பின்னை மாட்டி, கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்று அடிக்க வேண்டும்.

'முக்கால் ஏன், முழுசா நிரப்பினா இன்னும் வெயிட் கிடைக்குமே?' இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே இருக்கும் அந்தக் கால் பங்கு காற்றுதான் டயருக்கு ஸ்பிரிங் மாதிரி. அது இல்லை என்றால், வரப்பிலோ கல்லிலோ ஏறும்போது அடி முழுவதும் டயர் மீதும் ரிம் மீதும் விழும். ரேடியல் டயர் என்றால் அளவு இதைவிடக் குறைவு. சில கம்பெனிகள் தண்ணீரே வேண்டாம் என்று சொல்வதால், கையேட்டைப் பார்க்காமல் நிரப்பக் கூடாது.

குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு உப்பைக் கலப்பார்கள். அது ரிம்மைத் துருப்பிடிக்க வைக்கும். ராஜபாளையம் வெயிலுக்கு அந்த வேலையே இல்லை, சாதா தண்ணீர் போதும்.

எடை சரியா என்று எப்படித் தெரியும்?

ஆப் எதுவும் வேண்டாம், ஒரு சாக்பீஸும் டேப்பும் போதும். பின் டயரில் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு, சக்கரம் 10 சுற்று சுற்றும் வரை வயலில் ஓட்டி, தூரத்தை அளக்க வேண்டும். 40 மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு கலப்பையை இறக்கி, உழுதபடியே 10 சுற்று ஓட்ட வேண்டும். இப்போது 34 மீட்டர்தான் வந்தால், 6 மீட்டர் வழுக்கலில் போய்விட்டது. 40-க்கு 6, அதாவது 15 சதவீதம். சரியான அளவு. 28 மீட்டர்தான் வருகிறது என்றால், 30 சதவீதம். எடை போதவில்லை.

அளக்க நேரம் இல்லையா? டயர் தடத்தைப் பாருங்கள். தடம் முழுக்கக் கலைந்திருந்தால் எடை குறைவு. அச்சில் வார்த்த மாதிரி தெளிவாக இருந்தால் எடை அதிகம். ஓரத்தில் தெளிவாகவும் நடுவில் கொஞ்சம் கலைந்தும் இருந்தால் சரி.

எப்போது தண்ணீரை இறக்க வேண்டும்?

புழுதி உழவுக்கு உதவும் எடை, தொளி உழவுக்கு எதிரி. நெல்லுக்குச் சேறு அடிக்கும்போது கனமான டிராக்டர் புதையும். அதனால்தான் சேற்றில் எடையைக் கூட்டாமல் கேஜ் வீல் மாட்டுகிறார்கள். ஈர மண்ணில் எடை கூடினால் இன்னொரு பிரச்சினையும் உண்டு. மேல் மண்ணுக்குக் கீழே மண் இறுகிப்போய், வேர் இறங்காது, தண்ணீரும் சரியாக இறங்காது. கரிசல் மண்ணில் ஈரத்தோடு இறங்கினால் இந்தச் சேதம் அதிகம்.

ரோட்டில் ட்ரெய்லர் ஓட்டம் மட்டுமே என்றால், அந்த 300 கிலோ பெரும்பாலும் வெட்டிச் சுமைதான். அதை இழுக்கவும் டீசல், நிறுத்தவும் பிரேக். கூடவே, பஞ்சர் ஆனால் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் டியூபில் கை வைக்க முடியும்.

உயிருக்கு என்ன ஆபத்து?

பின்பக்கம் எடை கூடக் கூட, முன் சக்கரத்தில் இருக்கும் பங்கு குறையும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் இருந்தால்தான் ஸ்டியரிங் கேட்கும். அதற்குத்தான் முன்னால் பம்பரில் இரும்புப் பாளங்களை மாட்டுகிறார்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பாரம் சிக்கிக்கொண்டால் லேசான டிராக்டரின் சக்கரம் வழுக்கும், அவ்வளவுதான். பின்பக்கம் கனமான டிராக்டரில் சக்கரம் வழுக்காது. இன்ஜின் பலம் முழுவதும் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். மேட்டில் ஏறும்போதோ, கொக்கியை உயரமான இடத்தில் மாட்டி இழுக்கும்போதோ, டிராக்டர் பின்பக்கமாகக் குப்புறக் கவிழ்ந்துவிடும். டிரைவர் குதிக்க நேரமே இருக்காது. எனவே இழுவை எப்போதும் கீழ்க் கொக்கியில்தான். டிரைவருக்கு மேல் பாதுகாப்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் இருந்தால் இன்னும் நல்லது.

வேக்போர்டு படகிலும் இதே பாடம்தான். எடையை ஒரே பக்கம் வைத்தால் படகு சாயும். முன்பக்கம் அதிகமானால் மூக்கு அலைக்குள் குத்தும். பாதி நிரம்பிய பையில் தண்ணீர் அங்கும் இங்கும் அலைந்து, சாய்வை இன்னும் கூட்டும். எத்தனை பேர், எவ்வளவு எடை என்று படகில் ஒட்டியிருக்கும் தகட்டின் கணக்கில் இந்தத் தண்ணீரையும் சேர்க்க வேண்டும். அதை மறந்தால் ஆபத்து.

இறக்கிய தண்ணீரை எங்கே விடுவது?

டயரில் இருப்பது சாதா தண்ணீர் என்றால் தரையில் விடலாம். உப்பு கலந்திருந்தால் பயிருக்கு ஆகாது. படகுக்கும் கப்பலுக்கும் கேள்வி இன்னும் பெரியது. ஒரு நீர்நிலையில் ஏற்றிய தண்ணீரை இன்னொன்றில் இறக்கினால், கூடவே உயிரினங்களும் இறங்கும். எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் மட்டி, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து கப்பல்களின் எடை நீர் வழியாக வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அது படர்ந்த இடத்தில் இறால் வரத்து பாதிக்கப்படுவதாக மீனவர்கள் புகார் சொல்கிறார்கள். கப்பல்களின் எடை நீரைக் கட்டுப்படுத்த 2004-ல் உருவான சர்வதேச ஒப்பந்தம், 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

சுருக்கமாக: புழுதி உழவுக்கு முக்கால் டயர் தண்ணீர், முன்னால் அதற்கு ஈடான எடை, இழுவை கீழ்க் கொக்கியில். தொளி உழவுக்கும் ரோடு ஓட்டத்துக்கும் முன் தண்ணீரை இறக்கிவிடுங்கள். அடுத்த முறை வாடகை டிராக்டர் உங்கள் வயலில் இறங்கும்போது, முதல் சாலிலேயே டயர் தடத்தை ஒரு தடவை பாருங்கள். தடம் கலைந்திருந்தால் மீட்டர் ஓடுவது உங்கள் காசில்.